முன்னூத்தியிருவதுக்குக் கீழே

சங்கரன்கோவிலில் காது உள்ள மனுஷன் ஒருத்தர்தான் இருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் தலையின் இரண்டு பக்கமும் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. இது அவரே சொன்னது. நான் மறுக்கவில்லை. ஆறு வருஷம் அவர் கடையில் இருந்தேன். மறுத்துப் பயனில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஊரில் அவரை முன்னூத்தியிருவது என்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. தபால்காரர்கூட தெருமுனையில் நின்று, "முன்னூத்தியிருவது இருக்காரா?" என்றுதான் கேட்பார். நான் அண்ணாச்சி என்பேன்.

கடை விசைத்தறித் தெருவில். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்பாதியில் என் ஜெராக்ஸ் மெஷின். பின்பாதியில் அவருடைய கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவர் முழுக்க முட்டை அட்டை. அறைக்குள் சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று ஒட்டியது. தெருவின் இரண்டு பக்கமும் தறி. விடிந்தால் தடக் தடக் என்று ஆரம்பிக்கும். முட்டை அட்டையைத் தறி மதித்ததாகத் தெரியவில்லை. ஊரில் எவ்வளவோ இடம் இருக்க ஒலிப்பதிவுக் கடையை ஏன் இங்கே போட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கடை போடும்போது கரண்டு இல்ல வே. தறி ஓடல. அமைதியா இருந்துச்சு."

அவ்வளவுதான் விசாரித்திருக்கிறார்.

பென் டிரைவில் பாட்டு ஏற்றுவார். ஆட்டோ விளம்பரம் பேசிப் பதிவு செய்வார். கம்ப்யூட்டரில் ஓடும் கூட்டம், பேச்சு, பாடம் எதுவானாலும் சத்தத்தை மட்டும் பிடித்துக் கொடுப்பார். ஓர் இடத்தில் நிற்க மாட்டார். ஒரு பாட்டு ஏறுவதற்குள் நாலு தடவை வாசலுக்கு வருவார், நாலு தடவை உள்ளே போவார். நடுவில் என் மெஷினை முறைப்பார். அது பேப்பரை இழுக்கும்போது முனகுமாம்.

பாட்டு ஏற்ற வந்தவன் தப்பித்தவறி ஒன்று சொல்லிவிடக் கூடாது.

"கேக்குத மாதிரி இருந்தா போதும் அண்ணாச்சி."

போச்சு.

"கேக்குத மாதிரின்னா? நாய்க்கும்தான் கேக்கும். செகண்டுக்கு எத்தன கிலோபிட்டு வேணும்? அத சொல்லும்."

"நீங்களே பாத்துப் போடுங்க."

"முன்னூத்தியிருவது."

"அதுல எத்தன பாட்டு பிடிக்கும்?"

"கொறச்சாத்தான் பிடிக்கும். நூறு மட்டமான பாட்டு கேக்கதுக்குப் பதிலா, நாப்பது பாட்ட ஒழுங்கா கேளும்."

வந்தவன் அடுத்த தெருவில் உள்ள செல்போன் கடைக்குப் போய்விடுவான். அங்கே ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அண்ணாச்சி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பார். காது செத்தவனைப் பார்ப்பதுபோல.

எனக்கும் பாடம் எடுத்தார். நான் கேட்கவில்லை. எடுத்தார்.

"ஒரு துணிய வாங்குதீரு. அங்குலத்துக்கு எத்தன இழைன்னு பாக்கேரா இல்லையா? சத்தமும் அப்பிடித்தான் வே. முன்னூத்தியிருவது போட்டா நெருக்கி நெய்த வேட்டி. நூத்தியிருவத்தெட்டு, துண்டு. அறுவத்திநாலு, ஆஸ்பத்திரில கட்டு போடுத துணி."

"முப்பத்திரண்டு?"

"கொசுவலை. அத எவனும் உடுத்த மாட்டான்."

இது எனக்குப் புரிந்தது. தறித் தெருவில் இருப்பவனுக்குப் புரியும். அடுத்ததுதான் புரியவில்லை.

"கம்ப்யூட்டரு ஒரு செகண்டுக்கு நாப்பத்திநாலாயிரத்து நூறு தடவ சத்தத்த எட்டிப் பாக்கும். பாத்துப் பாத்துக் குறிச்சு வைக்கும்."

"பக்கத்து வீட்ட அப்படி எட்டிப் பாத்தா அடிதான் விழும்" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆடித்தபசுக்கு முந்தின வாரம் ஒரு துணிக்கடை விளம்பரம் வந்தது. ஊரெல்லாம் கூட்டம் இறங்கும் நேரம். ஆட்டோ டிரைவர் பென் டிரைவோடு வந்தார். அண்ணாச்சிக்கு உற்சாகம். இந்த ஒரு தடவை முன்னூத்தியிருவதுகூட வேண்டாம், துளியும் சுருக்காமல் முழுசாகப் போடுகிறேன் என்றார். இருக்கிற எல்லா அளவையும் உச்சத்துக்கு ஏற்றினார். ஒன்றரை நிமிஷ விளம்பரம். கம்ப்யூட்டரே பெருமூச்சு விட்டது.

சாயங்காலம் டிரைவர் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, காலையில இருந்து ஊரச் சுத்துதேன். தேரடியில நின்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னேன். சனம் என்னையப் பாக்குது, நான் சனத்தப் பாக்கேன். ஒரு சத்தமும் வரல."

"அப்பம் உம்ம பிளேயருக்கு இந்தத் தரம் தாங்கல. பிளேயர மாத்தும்."

"ஆட்டோவையும் மாத்திரவா?"

"மாத்துனா நல்லது. இஞ்சின் எறைச்சல் ஜாஸ்தி."

டிரைவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி உள்ளே போனதும் விளம்பர வாசகம் எழுதிய சீட்டை அவரிடம் வாங்கி, என் செல்போனில் படித்துப் பதிவு செய்து கொடுத்தேன். மறுநாள் என் குரல் ஊரைச் சுற்றியது. நன்றாகத்தான் கேட்டது. ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தபோது அண்ணாச்சி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கடையநல்லூரில் இருந்து ஒரு பாய் வந்தார். மகளுக்கு நிக்காஹ். பெண்ணின் பெரியத்தா, அதாவது பாயின் அண்ணன், வளைகுடாவில். லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் முகம் பார்த்து துஆ செய்வார், மணமக்களுக்காக வேண்டிக்கொள்வார். அதைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

"ஸ்பீக்கருக்கு முன்னால மைக்க நீட்டிருவியளா?" என்று பாய் கேட்டார்.

அண்ணாச்சிக்கு அடிபட்டதுபோல் ஆகிவிட்டது.

"மைக்கா? மைக்க நீட்டுனா தறியும் விழும், தெருவுல போற சைக்கிள் பெல்லும் விழும். நான் கம்ப்யூட்டருக்குள்ள ஓடுத சத்தத்த வயருக்குள்ளயே பிடிக்கேன் பாய். வெளிக்காத்து படாது."

சொன்னபடி பிடித்தார். பெரியத்தா உருக்கமாக துஆ செய்தார். அண்ணாச்சி திரையில் ஆடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் சத்தம் கிழியும். அவர் கவனம் முழுக்க அங்கே இருந்தது. பின்னால் இன்னொரு ஜன்னலில் கிரிக்கெட் ஸ்கோர் திறந்து கிடந்ததை மறந்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குள் ஓடும் சத்தத்தைப் பிடித்தால், கம்ப்யூட்டருக்குள் ஓடும் எல்லாச் சத்தமும் விழும். பெரியத்தா மணமக்கள் இருவரும் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார். அந்த இடைவெளியில் சிமெண்ட் விளம்பரம் முழங்கியது.

"விரிசலே விழாது! வெடிப்பே வராது!"

போட்டுக் கேட்டபோது அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. வெட்டிவிடுகிறேன் என்று மவுஸைப் பிடித்தார். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவர் தொப்பி கழன்றுவிட்டது.

"வெட்டாதிய அண்ணாச்சி. இதவிட நல்ல துஆ எது? சிமெண்டும் சேந்து கேட்டிருக்கு."

பாய் போனபின் அண்ணாச்சி வெகுநேரம் முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஒண்ணு வே. சிமெண்டும் முன்னூத்தியிருவதுலதான் விழுந்திருக்கு."

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சத்தம் பிடிக்கும்போது ஒரு ஜன்னல் தவிர மற்றதெல்லாம் மூடுவார். இன்டர்நெட் செய்தி மணி, அவர் போன், என் போன், சுவர்க் கடிகாரம், எல்லாம் அடங்க வேண்டும். கடிகாரத்தை ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிக்குள் வைத்துத் துணி போட்டு மூடுவார். எனக்கு மணி தெரியாது.

இந்த மனுஷனிடம்தான் செல்வி வந்தாள்.

எதிர்த் தறிக்கூடத்தில் தறி ஓட்டுகிறவரின் மனைவி. மூன்று வருஷம் நூல் மில்லுக்குப் போய்வந்தவள். காலையில் நாலு மணிக்கு மில் வண்டி வந்து ஆரன் அடிக்கும். பி.ஏ. தமிழ் படித்தவள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆறு மாசமாகத் தற்காலிக வேலை பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒரு கிளாஸ முழுசா ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லுதாங்க. நான் பேசுததும் இருக்கணும், பிள்ளைய பேசுததும் இருக்கணும். சனிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"அனுப்பிரலாம்."

"பிடிச்சிருந்தா நிரந்தரமா எடுப்பாங்க. இல்லன்னா..." அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். "திரும்ப மில்லு வண்டிதான்."

அண்ணாச்சி அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. "எத்தன நிமிஷம் கிளாஸு?" என்றார்.

"நாப்பது. எங்க வீட்டுலயும் தறி எறைச்சல், இங்கனயும் அதே எறைச்சல்தான். ஆனா இங்கன நீங்க இருக்கிய."

இப்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. வாசலுக்கு வந்தார், உள்ளே போனார், திரும்ப வாசலுக்கு வந்தார். சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே என் மெஷினை அணைத்தார். சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்தவரை, "நாலு மணிக்கு வாரும்" என்று விரட்டினார். ஃபேன் நின்றது. செல்வி ஹெட்போனோடு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் சோதித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் சத்தம் விழுந்திருந்தது. செல்வி சத்தம் இல்லை.

"வயருக்குள்ள வாரது மட்டும் விழுந்திருக்கு தாயி. நீ வெளிய நிக்கே." மைக் என்ற கட்டத்திலும் டிக் போட்டார். இப்போது இரண்டு பேரும் விழுந்தார்கள். கூடவே தறியும் விழுந்தது. மைக்கைத் திறந்தால் தறி மட்டும் வெளியே நிற்குமா?

அண்ணாச்சி நேரே எதிர்த் தறிக்கூடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"ஒரு மணி நேரம் தறிய நிறுத்தணும்" என்றார் முதலாளியிடம்.

"ஏன்வே, யாரு போய்ட்டா?"

"யாரும் போவல. செல்வி பாடம் எடுக்கத பிடிக்கணும். வேல விஷயம்."

"எந்தச் செல்வி? நம்ம ஓட்டுதவன் பொண்டாட்டியா?"

"ஆமா."

முதலாளி ஓடும் தறிகளை ஒருமுறை பார்த்தார். "மூணு மணிக்கு டீக்கு விடுவேன். இன்னைக்கு நாலு டீயா குடிக்கட்டும். நாலுக்கு மேல ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

மூன்று மணிக்குத் தறி நின்றது. அடுத்த தறிக்கூடங்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஆறு வருஷத்தில் முதல் தடவை அந்தத் தெருவில் காக்கா கத்துவதைக் கேட்டேன். அண்ணாச்சி காக்காவையும் விரட்டினார்.

தறி நின்றது சரி. தறிக்காரர்கள் நிற்கவில்லை. எதற்காகத் தறி நின்றது என்று கேட்க அத்தனை பேரும் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தறியே தேவலாம் என்றாகிவிட்டது. அண்ணாச்சி வாயில் விரல் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்றார். செல்வியின் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பாடம் ஆரம்பித்தது. எங்களுக்கு அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது.

"வணக்கம் கண்ணுகளா... என்னது?... இல்லப்பா, இன்னைக்கு ரயில் லீவு."

பிள்ளைகள் இத்தனை நாளும் மிஸ் வீடு ரயில் தண்டவாளத்தின் மேல் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். படியில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அண்ணாச்சி கும்பிட்டார்.

"வாழை. நாக்க மேல மடிச்சுச் சொல்லு கண்ணு. வா...ழை. இன்னொரு தடவ."

படியைப் பார்த்தேன். இருபது பேரும் சத்தம் வராமல் நாக்கை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மூன்று நாற்பதுக்குப் பாடம் முடிந்தது. அண்ணாச்சி முன்னூத்தியிருவதில் சேமித்தார். கொஞ்சம் போட்டுக் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"நாக்கு அண்ணத்துல படுதது வரைக்கும் கேக்கு வே."

"எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?" என்றாள் செல்வி.

"தொண்ணூத்தாறு எம்.பி."

செல்வி போனை எடுத்து கம்பெனியின் செய்தியை மறுபடி பார்த்தாள். "கடைசி வரியில பத்து எம்.பி.க்குள்ளன்னு போட்டிருக்கே."

"பத்தா? பத்துல ஒரு இருமல அனுப்பலாம்."

"அதுக்கு மேல போனா வாங்காதாம்."

"போன் போட்டுக் கேளு. அறிவுள்ள ஆளு யாராவது இருப்பான்."

"சனிக்கிழம யாரும் எடுக்க மாட்டாங்க."

"ரெண்டா வெட்டி அனுப்புவோம்."

"ஒண்ணாத்தான் கேக்காங்க."

"பாடத்தக் கொறைப்போம். அந்த ரயில எடுத்துரலாம்."

"முழுசா கேக்காங்க அண்ணாச்சி!"

நாலு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தது. சத்தம் கடைக்குள் வந்து நிறைந்தது. அண்ணாச்சிக்கு அது கேட்கவே இல்லை. நூத்தியிருவத்தெட்டுக்கு இறக்கினார். அது ஒன்றுக்கே பல்லைக் கடித்தார். முப்பத்தெட்டு எம்.பி. அறுபத்துநாலு. பத்தொன்பது எம்.பி. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷம் அரைத்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவர் தெருவில் நடந்தார். நாற்பது. பன்னிரண்டு எம்.பி.

"ரெண்டுதான கூட. தள்ளி விட்டுப் பாப்போம்" என்றார்.

தள்ளிவிட்டார்கள். சிவப்பு எழுத்தில் முடியாது என்று வந்தது. நாலு முப்பத்தைந்து.

அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

செல்வி அழவில்லை. ஹெட்போன் வயரைச் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். தறியை விட்டுவிட்டு அவள் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். "ஆயிட்டா?" என்றார். "இல்ல" என்றாள். அவர் அங்கேயே நின்றார்.

நான் வெளியே போனேன். அண்ணாச்சி மின்கம்பத்தைப் பார்த்தபடி நின்றார்.

"முப்பத்திரண்டுல போடுங்க அண்ணாச்சி."

"எங்கிட்ட அத சொல்லாதீரும்வே. ஒத்தக் காதுக்கு முப்பத்திரண்டு. குடுத்தவன் எவன்னு கேட்டா என் பேரத்தான் சொல்லுவான்."

"நாளை மறுநாள் காலையில மில்லு வண்டி வந்து ஆரன் அடிக்கும். நாம ரெண்டு பேரும்தான் கேக்கணும்."

ஆறு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அண்ணாச்சி உள்ளே போனார். கையை வேட்டியில் துடைத்தார். ஸ்டீரியோவை எடுத்துவிட்டு மோனோ என்று போட்டார். இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். இருப்பதை இரண்டாகப் பங்கு போட வேண்டாம். அப்புறம் முப்பத்திரண்டு. அதை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பதரை எம்.பி.யும் கொஞ்சமும்.

"கேட்டுட்டு அனுப்புவோம்" என்றார். ஹெட்போனை மாட்டினார். விளக்கெண்ணெய் குடித்தவர்போல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் புருவம் தளர்ந்தது.

"எப்பிடி இருக்கு அண்ணாச்சி?"

"குழாய்க்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு."

"சொல்லுதது புரியுதா?"

"புரியுது."

"பிள்ளைய பேசுதது?"

"அதுவும் புரியுது. எல்லாம் புரியுது. அதான் எரிச்சலா இருக்கு."

நாலு ஐம்பது. அனுப்பினார்கள். நீலக் கோடு நகர்ந்தது. எண்பதில் நின்றது. அண்ணாச்சி திரையின் ஓரத்தைக் கையால் தட்டினார். மாட்டைத் தட்டுவதுபோல. நகர்ந்தது. நாலு ஐம்பத்தேழுக்குப் பச்சை எழுத்தில் வந்து சேர்ந்தது என்று வந்தது.

வீட்டுக்காரர் தறிக்குத் திரும்பினார். போகும்போது கையெடுத்து ஒரு தடவை கும்பிட்டார். அவ்வளவுதான்.

"தாயி, இத நான் போட்டுக் குடுத்தேன்னு வெளிய சொல்லிராத" என்றார் அண்ணாச்சி.

என்னையும் பார்த்தார். அதனால்தான் ரேஷன் கார்டில் உள்ள பெயரை நான் இங்கே எழுதவில்லை.

புதன்கிழமை செல்வி ஓடிவந்தாள். எடுத்துவிட்டார்கள். நிரந்தரம். போனைப் பார்த்துப் படித்தாள். சொல்லிக்கொடுப்பது தெளிவாக இருக்கிறதாம். பிள்ளைகள் பயமில்லாமல் பேசுகிறார்களாம்.

"சத்தத்தப் பத்தி என்ன எழுதிருக்கான்?"

"ஒண்ணும் எழுதல அண்ணாச்சி."

"ஒண்ணுமா? மட்டம்னுகூடவா?"

"இல்ல."

அவருக்கு அது சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாசலுக்கு வந்தார், உள்ளே போனார். பிறகு அவளிடம், "வீட்டுல வச்சு எடுக்காத. தெனமும் இங்கனயே வந்து எடு" என்றார்.

அப்படித்தான் நடந்தது. தறி பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ரயில் திரும்பக் கிடைத்தது. மூன்று மணியிலிருந்து மூன்று நாற்பது வரைக்கும் அண்ணாச்சி வாசலில் நிற்பார். உப்பு விற்கிறவர், ஐஸ் வண்டி, நகல் எடுக்க வருபவர், யாரையும் விடமாட்டார். கதவுகூட முனகக் கூடாது. மேற்குப் பார்த்த கடை. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பார். நகர மாட்டார்.

ஒருநாள் சீக்கிரம் போய் ஷட்டருக்கு மேலே ஒரு பழைய பேனரை இழுத்துக் கட்டினேன். காற்றில் படபடத்தால் பிய்த்துப் போட்டுவிடுவார். நாலு மூலையையும் முறுக்கி இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.

மதியம் வந்து நின்றவர் மேலே பார்த்தார்.

"யாரு வே கட்டுனா?"

"தெரியாது" என்றேன்.